கண்ணில் விட்ட கசப்பு

கண்ணாடி துடைக்கப் பழைய வேட்டித் துணிக்கு ஈடாக எதுவும் கிடையாது. ஐம்பது வெளுப்பாவது கண்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பேண்டேஜ் துணி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் துடைப்பவர்கள் உண்டு. அதன் நூல் முரடு, லென்ஸில் மயிரிழை போலக் கீறல் விழுந்துவிடும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருபத்தாறு வருடம் கண்ணாடிக் கடை நடத்திய சங்கரலிங்கம் சொல்கிறேன், நம்பலாம். கடையைப் பூட்டி சீல் வைத்தபோதுகூட ஷோகேஸில் ஒரு விரல் ரேகை கிடையாது. இன்ஸ்பெக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

மாஜிஸ்திரேட் ஐயா, வாக்குமூலம் கொடுக்கிற கட்டாயம் எனக்கு இல்லை என்று இரண்டு தடவை எடுத்துச் சொன்னீர்கள். யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தீர்கள். உங்கள் மரியாதைக்கு நன்றி. எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. என் கைப்பட எழுதித் தருகிறேன். பவர் சீட்டு எழுதிப் பழகிய கை. எழுத்து பொடியாக இருக்கும், ஆனால் தெளிவாக இருக்கும். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக வேலை பார்க்கிறவள்தான் என் தங்கை அழகுத்தாய். அவள் அடித்தால் பக்கத்துக்கு ஒரு பிழைகூட வராது.

தங்கச்சி கண்ணைக் கெடுத்தவன் என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும். அந்தக் கண்ணில் குறை இருப்பதை முதலில் கண்டுபிடித்தவன் யார் என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? அவளுக்கு அப்போது ஏழு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த சமயம். எனக்கும் அவளுக்கும் பதினாலு வயது வித்தியாசம். எதிர்வீட்டு ராஜு வளர்த்த வெள்ளை நாயை ஆட்டுக்குட்டி என்று நினைத்து, கையில் அகத்திக் கீரையோடு பக்கத்தில் போய்விட்டாள். எங்கள் ஊர் நாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கியிராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். மறுநாள் கடையில் உட்கார வைத்துப் பார்த்தேன், மைனஸ் மூன்று. அன்று மாட்டிவிட்ட கண்ணாடியிலிருந்து இருபத்திரண்டு வருடம் அவள் உலகத்தில் எதைப் பார்த்தாலும் என் கையால் விளிம்பு தேய்த்த லென்ஸ் வழியாகத்தான் பார்த்தாள்.

வயது ஏற ஏறப் பவரும் ஏறியது. பதினெட்டு வயதில் மைனஸ் எட்டரை. நான் ஏழுக்குத்தான் போட்டுக் கொடுத்தேன். முழுப் பவர் கொடுத்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் பலர் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. வீட்டுக்குள் எல்லாம் தெரியும். சமையல் செய்யலாம், தைக்கலாம், படிக்கலாம். தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரியாது, தெருமுனையில் நிற்பவர் முகம் தெரியாது. அதற்குத்தான் நான் இருக்கிறேனே. காலையில் எழுந்ததும் அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டுவாள். துடைத்து வைத்த கண்ணாடியை அந்தக் கையில் வைப்பேன். மணி என்ன என்று கேட்பாள், சொல்வேன். ஒரு நாள்கூட அது தவறியது கிடையாது. அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையும் யாரும் பேச மாட்டார்கள்.

அவளுக்குக் கல்யாணம் செய்து வைக்கவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. இரண்டு இடம் வந்தது. முதலில் எண்பத்தொன்பதில், சங்கரன்கோவில் மாப்பிள்ளை. கண்ணாடி போட்ட பெண்ணை எங்கள் பக்கம் யார் எடுத்தார்கள்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் கண்ணாடியைக் கழற்றி அடுக்களையில் வைத்துவிட்டுத்தான் சபைக்கு அனுப்புவார்கள். பூ வைத்து நிச்சயம் ஆனதும் போட்டுக்கொள்ளலாம், அதன் பிறகு யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற தைரியம். என் கடைக்கு வரும் பாதிப் பெண்கள் அப்படிக் கல்யாணம் ஆனவர்கள்தான். அழகுத்தாய் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தாள். அடுக்களை வாசலிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் நாற்காலி வரை பதினாலு எட்டு வைக்க வேண்டும். கையில் தட்டு, தட்டில் வெறும் டம்ளர்கள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவாள். நான் நாற்காலியில் மாப்பிள்ளையின் அம்மாவாக உட்கார்ந்திருப்பேன். இருவருக்கும் சிரிப்பு தாங்காது.

அன்றைக்குப் பதினொன்றாவது எட்டில் ஒரு முக்காலி கிடந்தது. காப்பி முழுக்க அந்த அம்மாள் மடியில். அவர்கள் பஸ் ஏறும்போது, "பிள்ளைக்குக் கண்ணே தெரியல போலிருக்கே, எங்கள ஏமாத்தப் பாத்தீகளா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அழகுத்தாய் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். கண்ணாடியை எடுத்து நானே மாட்டிவிட்டேன். இரண்டாவது இடம் வத்திராயிருப்பிலிருந்து வந்தது. இந்தத் தடவை முக்காலியெல்லாம் கிடையாது. பெண்ணுக்குப் பவர் எவ்வளவு என்று தரகர் கேட்டார், சொன்னேன். உண்மையைச் சொன்னது குற்றம் என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி இங்கே வேலைக்கு வந்தாள். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். காலையில் நான் ஏற்றிவிடுவேன். சாயங்காலம் பஸ் வந்து நிற்கும்போது கடையை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். இந்தக் கோர்ட்டில் நகல் எழுதுகிற பொன்னுராஜ் பழக்கமானது இங்கேதான். அவன் நல்லவனா கெட்டவனா என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடியோடு பார்த்துத்தான் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொன்னானாம். பார்க்காமலே சொல்லியிருந்தாலும் ஒன்றுதான்.

தொண்ணூற்றாறில் அந்த லேசர் வந்தது. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மெஷின் இறக்கியிருக்கிறார்கள், கருவிழியை லேசாகச் சீவிக் கண்ணாடியே வேண்டாமென்று ஆக்கிவிடுகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. அவள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தாள்.

"அண்ணே, நான் இதச் செஞ்சிக்கிடப் போறேன்."

"பொன்னுராஜு சொன்னானா?"

"அவிய ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் வேணும். காலையில முழிச்ச ஒடனே, யாரையும் கேக்காம, நானே மணி பாக்கணும்."

யாரையும் என்றால் யாரை? அந்த வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு மணி சொன்னவனும் நான்தான். ஆனாலும் நான் தடுக்கவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனதும் நான்தான். அவள் போட்டிருந்த, நான் செய்து கொடுத்த கண்ணாடியை டாக்டர் வாங்கி மெஷினில் வைத்துப் பார்த்தார். "யாருங்க இதக் குடுத்தது? ஒண்ணரைப் பவர் கம்மியா இருக்கே. இந்தப் பொண்ணு இத்தனை வருஷம் மரத்துல இலையே பாத்திருக்காது" என்றார். அழகுத்தாய் என் பக்கம் திரும்பினாள். ஏன் என்று கேட்டிருக்கலாம், என்னிடம் பதில் இருந்தது.

ஜூனில் ஒரு கண், ஜூலையில் மறு கண். மூன்று நாள் வலியில் துடித்தாள். நான்தான் லீவு போட வைத்து, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஸ்டீராய்டு கலந்த ஒரு சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். கண்ணில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் இறங்கிக் கசக்கும். அவள் முகத்தைச் சுளிப்பாள், நான் ஒரு கல்கண்டை வாயில் போடுவேன். நான் சொட்டுவிடும்போது அவள் கண்ணை இமைக்க மாட்டாள். வேறு யார் கை பக்கத்தில் வந்தாலும் இமைப்பாள்.

அக்டோபரில் அந்த மருந்தை டாக்டர் நிறுத்தினார். அழகுத்தாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தொழில்காரன் என்பதால் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னார். மைனஸ் பவர் அதிகமாக இருந்த கண்களில் சிலவற்றுக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உள்ளே அழுத்தம் ஏறும், உங்கள் தங்கைக்கு ஏற ஆரம்பித்துவிட்டது, இனி இந்தக் கண்ணில் இதை ஒரு சொட்டுகூட விடக் கூடாது என்றார். தொடர்ந்து விட்டால் வலிக்காது, சிவக்காது, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், நரம்பு செத்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது என்றும் சொன்னார். நல்ல டாக்டர். புரியும்படி சொன்னார். கண் காயாமல் இருக்க, கண்ணீர் மாதிரி ஒரு வெறும் சொட்டு எழுதிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அழகுத்தாயிடம் நான், எல்லாம் சரியாகிவிட்டதாம், இந்தப் புதுச் சொட்டை மட்டும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம் என்று சொன்னேன்.

அந்த நாட்களில் அவள் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் நின்றுகொண்டு மேற்கு மலையில் மரத்தை எண்ணுவாள். ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று படுத்துக்கொண்டே சொல்வாள். காலையில் நான் எழுவதற்கு முன்பே மணி பார்த்துவிட்டு, "அண்ணே, ஆறே காலாச்சி, எந்திரிங்க" என்று என்னை எழுப்புவாள். பழக்க தோஷத்தில் துடைத்து வைத்த கண்ணாடி ஜன்னல் மாடத்தில் அப்படியே கிடக்கும்.

கார்த்திகை மாதம். சாயங்காலம் பஸ் வந்து நின்றது. இறங்கியவள் ரோட்டின் அந்தப் பக்கம் நின்றபடியே கடையைப் பார்த்தாள், சிரித்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து என் முகம் தெரிந்து அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன். ஐயா, அந்தச் சிரிப்பு எனக்கில்லை. என் கடை வாசலில், எனக்குப் பின்னால், கல்யாணத்தைப் பேசி முடிக்கலாம் என்று அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றிருந்த பொன்னுராஜுக்கு. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஷோகேஸைத் துடைத்தேன். அவள் தானே ரோட்டைத் தாண்டி வந்தாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை இன்றைக்கும் நான் மறைக்கப் போவதில்லை.

தையில் நிச்சயம், அடுத்த தையில் கல்யாணம் என்று அன்றைக்கே பேசி முடித்தோம். நான் சம்மதித்தேன். பொன்னுராஜ் போன பிறகு பக்கத்து மெடிக்கல் கடைக்குப் போனேன். அப்துல் ஹமீது பதினைந்து வருடப் பழக்கம். சீட்டு கேட்க மாட்டார். கசக்கும் மருந்தில் இரண்டு பாட்டில் வாங்கினேன். வெறும் சொட்டு பாட்டிலின் மூக்கைக் கண்ணாடிக் குறட்டால் கழற்றி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, இதை ஊற்றி, மறுபடி மூக்கை அழுத்தி வைத்தேன். லேபிள் பழைய லேபிள்தான். அவளுக்கு இப்போது பொடி எழுத்தெல்லாம் தெரியும், எடுத்துப் படித்தாலும் சரியாகவே இருக்கும். ஒரு நாளைக்கு நாலு வேளை. கோர்ட்டுக்கும் கைப்பையில் எடுத்துப் போவாள்.

முதல் வாரமே கேட்டாள். "அண்ணே, இது ஏன் பழைய மருந்து கணக்கா கசக்குது?"

"கம்பெனிக்காரன் மாத்திட்டான். கசந்தா நல்லதுதான், உள்ள எறங்குதுன்னு அர்த்தம்."

கல்கண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

சித்திரையில் மதுரைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. டாக்டர் வெளிநாடு போய்விட்டார், அழுத்தத்தை என்னையே பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். மெஷின் இல்லாமலும் பார்க்கலாம், ஐயா. கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேல் இரண்டு ஆள்காட்டி விரலையும் வைத்து மாறி மாறி லேசாக அழுத்த வேண்டும். நல்ல கண் பழுத்த திராட்சை மாதிரி அமுங்கும். அழுத்தம் ஏறிய கண் நெல்லிக்காய். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், நான் தொட்டுப் பார்ப்பேன். சித்திரையில் கொஞ்சம் கடினம். ஆனியில் இன்னும் கடினம். ஆவணியில் விரல் அமுங்கவே இல்லை. "எப்பிடிண்ணே இருக்கு?" என்று கேட்பாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்பேன்.

அப்துல் ஹமீது ஒரே ஒரு தடவை கேட்டார். "என்ன அண்ணாச்சி, இத இம்புட்டு வாங்குதீக? இது ரொம்ப நாள் விடுற மருந்து இல்லையே, யாருக்கு?" கடைக்கு வருகிறவர்களுக்கு என்றேன். அவர் மேல் வழக்குப் போடாதீர்கள். அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான்.

ஆவணியிலேயே நிலைக்கதவில் இடிக்க ஆரம்பித்தாள். தட்டில் வைத்த அப்பளம் பக்கத்திலேயே இருக்கும், எங்கே என்று கேட்பாள். தூக்கம் போதவில்லை என்றாள், கல்யாணக் கவலை என்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ரோட்டைத் தாண்டாமல் நின்றாள். நான் இறங்கிப் போனேன். கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால் அன்றைக்குத்தான் ஒரு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் இந்தக் கோர்ட் வாசலிலேயே பக்கவாட்டில் வந்த சைக்கிள் அவளை இடித்துத் தள்ளியது. அவ்வளவு பக்கத்தில் வந்த சைக்கிள் அவளுக்குத் தெரியவில்லை என்பது பொன்னுராஜுக்கு உறைத்துவிட்டது. என்னிடம் சொல்லாமல் நேரே மதுரைக்குக் கூட்டிப் போய்விட்டான். வெளிநாடு போன டாக்டர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்ன மருந்து விடுகிறாய் என்று கேட்டதற்குக் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாளாம். இது வெறும் கண்ணீர் மருந்துதானே என்று அவர் சொல்லவும், "ஆனா கசக்குமே டாக்டர்" என்றாளாம். கண்ணீர் மருந்து கசக்காது. பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மிச்சம் உங்கள் ஃபைலில் இருக்கிறது. ஒரு கண்ணில் நடுவில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவு தெரிகிறதாம், மறு கண்ணில் அதுவும் இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னது வேறு. பார்வை கொஞ்சம் மங்கினால் மறுபடி கண்ணாடிக்கு வந்துவிடுவாள், அதற்காகத்தான் செய்தேன், இவ்வளவு போகும் என்று தெரியாது என்று சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். அது பொய். எந்தக் கண்ணாடியும் திருப்பித் தராது என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்ட பிறகுதான் வாங்கினேன். எவ்வளவு போகும், எந்தப் பக்கத்திலிருந்து போகும், எல்லாம் தெரிந்துதான் அந்தச் சொட்டை விட்டேன். விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டே விட்டேன். அந்த முக்காலியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தானாக வந்து பதினொன்றாவது எட்டில் கிடக்க முக்காலிக்குக் கால் மூன்றிருந்தாலும் நடக்கத் தெரியாது. நான்தான் எடுத்துப் போட்டேன். அவளோடு சேர்ந்து இரண்டு நாள் நானும் எண்ணியிருந்தேனே.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஒரு குழந்தையை நாய் வாயிலிருந்து தூக்கி, படிக்க வைத்து, ஆளாக்கி, நாலு வேளை மருந்து விட்டு வளர்த்தவனை, யாரையும் கேக்காம என்று ஒரு வார்த்தையில் தள்ளியது யார் என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. எத்தனை வருடம் கொடுத்தாலும் கொடுங்கள். நான் அப்பீல் போகப் போவதில்லை.

அவள் வாக்குமூலம் கொடுக்க வந்த அன்றைக்கு என்னையும் ரிமாண்டுக்காகக் கொண்டு வந்திருந்தார்கள், பார்த்தேன். பொன்னுராஜ் பின்னால்தான் வந்தான், அவள் கைத்தடியால் தட்டித் தட்டிக் கோர்ட் படியைத் தானே எண்ணி ஏறினாள். என் குரல் கேட்டும் திரும்பவில்லை. ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டதாம். டைப்ரைட்டரில் எழுத்தைப் பார்க்காமல் அடிக்கத் தெரியும் என்பதால் யாரோ படிக்கப் படிக்க அடிக்கிறாளாம், வேலை போகவில்லையாம். எத்தனை நாளைக்கு? பொன்னுராஜுக்கு அவள் கண்ணில் சொட்டுவிடத் தெரியுமா? அவன் கைக்கு அவள் இமைப்பாள். பாருங்கள், கொஞ்ச நாள் போகட்டும், சலித்துவிடும், என்னிடம்தான் வர வேண்டும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது. சோதனை போடப் போகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். நான் கைதான அன்றைக்கு ஒவ்வொரு சாமானையும் சுவரோரமாக ஒதுக்கி, அடுக்களை வாசலிலிருந்து பதினாலு எட்டும் காலியாக வைத்துவிட்டுத்தான் வந்தேன். யாரும் முக்காலியை இழுத்து நடுவில் போட்டுவிட வேண்டாம், அழகுத்தாய் வந்தால் இடித்துக்கொள்வாள்.